கருவறைத் தொழிலுக்கு ஒரு வகுப்பறை

இடக்கையில் மணி, வலக்கையில் தீபம். மணி ஒரே தாளத்தில் ஒலிக்க வேண்டும். தீபம் சுவாமியின் திருமேனியை வலமாகச் சுற்றி ஏறி இறங்க வேண்டும். வாய் மந்திரத்தை விடக் கூடாது. ஒரு தீபம் முடிவதற்குள் அடுத்தது எது, அதில் திரி சரியாக இருக்கிறதா என்று கண் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்குத் தீபம் சுற்றும் கையோடு சேர்ந்து மணிக்கையும் சுற்றத் தொடங்கிவிடும். அதைத் திருத்தப் போனால் மந்திரம் நின்றுபோகும். மூன்றும் தத்தம் வழியில் போவதற்கு நாள் பிடிக்கும். தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்து, தானே செய்து, திட்டு வாங்கி, மறுபடியும் செய்தால்தான் வரும்.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் நாள்தோறும் ஆறு காலப் பூசை. இத்தனை பெரிய கோயிலின் உள்வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் எது? குருக்கள் வீடும் கோயிலும்தான். அப்பாவோடு விடியற்காலையில் வருகிற பையன் முதலில் தண்ணீர் மொண்டு கொடுப்பான். பிறகு சந்தனம் அரைப்பான், பூத்தொடுத்து வைப்பான். இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் அபிஷேகத்துக்கு வேண்டியதை வரிசை தவறாமல் எடுத்து நீட்டுவான். எண்ணெய், மாவுப்பொடி, பஞ்சகவ்யம், பஞ்சாமிர்தம், பால், தயிர், தேன், இளநீர், விபூதி, சந்தனம் என்று அந்த வரிசை அவன் கையில் ஏறிய பிறகுதான் வாயில் மந்திரம் முழுதாக ஏறும். தேர்வு கிடையாது. உற்சவக் கூட்டத்தில், அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில், இவனே நின்று பூசையை முடித்துவிட்டால் அதுதான் தேர்ச்சி.

மலை உச்சியிலும் அப்படித்தான். கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரத்தில் மகாதீபம் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜகுலத்தார். கொப்பரையைத் தோளில் சுமந்து மேலேற்றுவது, நூற்றுக்கணக்கான மீட்டர் காடாத் துணியைத் திரியாக்குவது, மலைக்காற்றிலும் மழையிலும் 11 நாள் தீபத்தைக் காப்பது எல்லாம் அந்தச் சமூகத்துக்குள் பெரியவரிடமிருந்து சின்னவருக்கு வந்த கைப்பழக்கம். கீழே கொடிமரத்தருகே அர்த்தநாரீசுவரர் வெளிவருகிற அந்தச் சில நிமிடங்களும் மேலே தீ பற்றுகிற நொடியும் ஒன்றாக அமைவதற்குப் பின்னால் பல தலைமுறைப் பயிற்சி இருக்கிறது.

இந்த முறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேலை நடக்கிற இடத்திலேயே, வேலை தெரிந்தவர் பக்கத்திலேயே கற்பதைவிடச் சிறந்த தொழிற்கல்வியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதன் குறை ஒன்றே ஒன்று. ஆனால் பெரிய குறை. அந்த வீட்டில் பிறக்காதவனுக்கு அங்கே இடம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் தமிழ்நாட்டு அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி. ஆறு ஊர்களில் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிகளில் ஒன்று திருவண்ணாமலையில் இருக்கிறது. அது பிறந்த கதை 1964இல் ஒரு சின்ன விதியிலிருந்து தொடங்குகிறது.

கோயில் நிர்வாகத்தில் பூசை செய்வோர், வேதம், தேவாரம், பிரபந்தம் ஓதுவோர் ஆகியோரை உள்துறைப் பணியாளர் என்பார்கள். 1964இல் வகுத்த பணி விதிகளில் 12ஆம் விதி இவர்களைப் பற்றியது. பரம்பரையாக வருகிறவரோ புதிதாக வருகிறவரோ, பதவிக்கு வருமுன் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் ஆகமமும் சடங்கு முறைகளும் கற்பிக்கிற, அறநிலையத் துறை ஆணையர் அங்கீகரித்த ஒரு நிறுவனத்தின் தலைவரிடமிருந்து அதைப் பெற வேண்டும் என்றது அந்த விதி. பிறப்பு ஒன்றே போதாது, படிப்பும் வேண்டும் என்று அரசு எழுத்தில் சொன்ன இடம் இது. அர்ச்சகர் பள்ளியின் விதை இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். அரசியல் மேடைகளில் யாரும் இந்த விதியைக் குறிப்பிடுவதில்லை.

மேடையில் பேசப்பட்டது வேறு. கருவறைக்குள் எல்லாச் சாதியாருக்கும் உரிமை வேண்டும் என்று 1970 குடியரசு நாளில் கருவறை நுழைவுப் போராட்டம் நடத்தப்போவதாகப் பெரியார் அறிவித்தார். சட்டம் கொண்டுவருகிறோம், பொறுங்கள் என்று முதலமைச்சர் கருணாநிதி கேட்டுக்கொள்ள, போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 1970 டிசம்பர் 2 அன்று சட்டமன்றம் அறநிலையத் துறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவைத் திருத்தியது. தந்தைக்குப் பின் மகன் என்ற வாரிசு உரிமை அர்ச்சகர் பதவியிலிருந்து போயிற்று.

உடனே வழக்கு. சேஷம்மாள் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் உச்ச நீதிமன்றம் 1972 மார்ச் 14 அன்று தீர்ப்புச் சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல், வாரிசு முறையை ஒழித்தது செல்லும் என்றது. அதே மூச்சில், ஆகமம் யாரைச் சொல்கிறதோ அவரையே நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. 12ஆம் விதியையும் எடுத்துக்காட்டியது. அந்த விதி இருக்கும்வரை தகுதியற்றவர் உள்ளே வந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்பது அதன் கருத்து. சட்டம் நிலைத்தது, கதவு திறக்கவில்லை. பெரியார் 1973 டிசம்பரில் மறைந்தார். அவர் நெஞ்சில் தைத்த முள் என்று கருணாநிதி கடைசிவரை சொல்லிவந்தது இதைத்தான்.

பயிற்சி என்ற கோணத்திலிருந்து அந்தத் தீர்ப்பைப் பார்த்தால் அது ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. ஆகமம் தெரிந்தவரே பூசை செய்ய வேண்டும், சரி. சிவாச்சாரியார் வீட்டில் பிறக்காத ஒருவர் ஆகமத்தை எங்கே போய்க் கற்பது? அன்றிருந்த வேத ஆகமப் பாடசாலைகள் மரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானவை. குருகுலம் போல ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கிற, நல்ல படிப்புச் சொல்லித்தருகிற இடங்கள்தாம் அவை. மற்றவருக்கு அங்கே வழியில்லை. சான்றிதழ் கேட்கும் விதி இருந்தது. அந்தச் சான்றிதழைத் தரக்கூடிய, எல்லாருக்கும் பொதுவான பள்ளி இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அமைந்த நீதிபதி மகாராஜன் குழு 1982இல் அறிக்கை தந்து, உரிய பயிற்சி பெற்றால் எச்சாதியாரும் அர்ச்சகராகலாம் என்ற நிலையை எடுத்தது. அதன் பிறகும் கால் நூற்றாண்டு போயிற்று.

இடையில் வழி காட்டியது கேரளம். ஆலங்காடு என்னும் ஊரில் ஒரு சிவன் கோயிலுக்குப் பிராமணரல்லாத ஒருவரைத் திருவிதாங்கூர் தேவசம் போர்டு சாந்தியாக, அதாவது அர்ச்சகராக, நியமித்ததை எதிர்த்து வழக்கு நடந்தது. ஆதித்யன் வழக்கு என்பார்கள். பூசை முறையில் தேர்ந்தவர், அந்தக் கோயிலுக்குரிய வழிபாட்டை அறிந்தவர் என்றால் அவர் பிராமணராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபரில் சொன்னது. அங்கே முதலில் பயிற்சி இருந்தது, பிறகு நியமனம், பிறகு வழக்கு. வழக்கு வந்தபோது நீதிபதிகள் முன் வைக்கத் தகுதி என்ற ஒன்று கையில் இருந்தது. 2017இல் அதே தேவசம் போர்டுக்காகக் கேரள தேவசம் ஆட்சேர்ப்பு வாரியம் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் நடத்திப் பிராமணரல்லாத 36 பேரைப் பரிந்துரைத்தது. அவர்களில் 6 பேர் தலித்துகள்.

தமிழ்நாட்டில் 2006 மே மாதம் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பத்தே நாளில், மே 23 அன்று, அரசாணை எண் 118 வெளியானது. தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகராகலாம் என்றது. ‘பயிற்சி’ அரசாணையின் நடுவிலேயே இடம் பெற்றுவிட்டது. அடுத்த மாதமே நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் ஒரு குழு. என்ன பாடம், யார் ஆசிரியர், எந்த ஊரில் பள்ளி என்று வகுத்துச் சொல்வது அதன் வேலை. மடாதிபதிகளும் ஆகமம் அறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு ஊர்களில் சைவப் பள்ளி. திருவரங்கத்திலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் வைணவப் பள்ளி என்று முடிவாயிற்று.

பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியது திருவண்ணாமலை. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதத் தலைகளால் நிரம்புகிற ஊர். பாதை நெடுக இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை எட்டு லிங்கக் கோயில்கள். இவை தவிர ஊரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோயில்கள். பூசைத் தொழில் பழகுவதற்கு இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இதற்குள் வழக்கும் வந்துவிட்டது. ஆதிசைவ சிவாச்சாரியார்கள் நலச் சங்கமும் மதுரைக் கோயிலைச் சேர்ந்தவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2006 ஆகஸ்டில் நியமனத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. பயிற்சிக்குத் தடை இல்லை. ஆக, 2007இல் பள்ளிகள் திறந்தபோது உள்ளே நுழைந்த இளைஞர்கள், நியமனம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்ட ஒரு வேலைக்குப் படிக்கப் போனார்கள். பிற்படுத்தப்பட்டவர், தாழ்த்தப்பட்டவர் என்று பல சாதிப் பிள்ளைகள். தெரிந்துதான் போனார்கள். தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

உள்ளே என்ன நடந்தது? வீட்டில் காதில் விழுந்தே பழகாத மொழியில் மந்திரம். நெட்டெழுத்துக்கும் குற்றெழுத்துக்கும் வேறுபாடு தவறினால் ஆசிரியர் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ஆசமனம், சங்கல்பம், விக்னேசுவர பூசை, புண்ணியாகவாசனம், கலசம் வைப்பது என்று படிப்படியாகப் போகும். கும்பத்துக்கு நூல் சுற்றுவது ஒரு பாடம். இழை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி மாறாமல் குறுக்கும் நெடுக்குமாக வர வேண்டும். தர்ப்பையில் பவித்திரம் முடிவது ஒரு பாடம். கரநியாசம், அங்கநியாசம், ஆவாகன முத்திரை என்று விரல்களுக்கே தனிப் பாடம். தேவாரம் பண்ணோடு பாட வேண்டும். நித்திய பூசை வேறு, திருவிழாக்கால நைமித்திக பூசை வேறு. படித்து முடித்தவர்கள் தீட்சையும் பெற்றார்கள்.

ஆசிரியர் கிடைப்பது எளிதாக இல்லை. ஆகமம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இந்த முயற்சியை எதிர்த்தவர்கள். சொல்லித்தர முன்வந்தவர்கள் தம் மக்களின் கோபத்தை ஏற்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தமிழ்நாடு இன்னும் நன்றி சொல்லவில்லை. சட்டமன்றத்தில் கை தூக்குவதைவிட, தன் வீட்டுக்கு மட்டும் உரியதென்று இருந்த தொழில்நுட்பத்தை வேற்று வீட்டுப் பிள்ளைக்கு மனமாரச் சொல்லிக்கொடுப்பது கடினம். அந்த வேலையைச் சிலர் செய்தார்கள்.

2008இல் ஆறு பள்ளிகளிலும் சேர்த்து 200க்குச் சற்று மேற்பட்டவர்கள் தேறி வெளியே வந்தார்கள். அதோடு பள்ளிகள் நின்றன. சான்றிதழ் கையில் இருந்தது; பெரிய கோயில்களின் கருவறை மூடியே இருந்தது. சிலர் தனியார் கோயில்களில், கிராமக் கோயில்களில் பூசை செய்தார்கள். பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

தொழிற்பயிற்சியைப் பற்றி உலகம் அறிந்துகொண்டது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர் 1991இல் எழுதிய நூல் இன்றைக்கு உலகெங்கும் நிறுவனப் பயிற்சித் துறையில் அடிப்படை நூலாக இருக்கிறது. லைபீரியாவின் தையல்காரர்கள், மெக்சிகோவின் மாயா இன மருத்துவச்சிகள் போன்றோர் தொழில் கற்பதை வைத்து எழுதியது. தையல் பழகுகிறவன் அங்கே பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று முடிவு வேலையிலிருந்து தொடங்குகிறான். துணி வெட்டுவது கடைசியில்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிற அந்த வரிசை நம் குருக்கள் வீட்டுப் பையனின் வரிசையேதான். அதே நூலில் அமெரிக்க அங்காடிகளில் இறைச்சி வெட்டப் பழகியவர்களின் கதையும் வருகிறது. அவர்களைப் பொதி கட்டும் மேசையில் நிறுத்தியிருந்தார்கள். மூத்த தொழிலாளி வெட்டுவது அங்கிருந்து கண்ணில் படாது. பழகுநர் என்று பெயர் இருந்தும் தொழில் வரவில்லை. வேலை நடக்கும் இடத்தைக் காணவிடாமல் தருகிற பயிற்சி எத்தனை நாள் நீண்டாலும் பாதியில்தான் நிற்கும் என்பது அவர்கள் கண்டது. நம் அர்ச்சகர் மாணவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. கை பழகியது வகுப்பறையில்; கூட்டமும் நெரிசலும் காலக்கெடுவும் உள்ள கருவறையில் அந்தக் கை நிற்கவே இல்லை.

இந்திய அரசு இதை அறியாததும் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் தொழிற்சாலைகளைப் பார்த்து, உங்கள் பட்டறைக்குள்ளேயே பழகுநரை எடுத்து வேலை கற்றுக்கொடுங்கள், உதவித்தொகையும் கொடுங்கள் என்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் இன்று அது கட்டாயம். லேத் பழக ஐ.டி.ஐ. போதாது, ஆலைக்குள் போக வேண்டும் என்று சட்டம் எழுதிய நாட்டில், பூசை பழகக் கோயிலுக்குள் போக வேண்டும் என்பது ஏன் இத்தனை காலம் நடக்கவில்லை?

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவாச்சாரியார்கள் தொடுத்த அந்த வழக்கில் 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகமப்படியே நியமனம், அந்த ஆகம விதி அரசியலமைப்புக்கு முரணாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு கோயிலாகப் பார்க்க வேண்டும் என்றது. 2018இல் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில் பயிற்சி பெற்ற ஒருவர் சத்தமில்லாமல் நியமிக்கப்பட்டார். 2021 ஆகஸ்ட் 14 அன்று மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் வளாகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பணி ஆணைகள் வழங்கினார். பெற்றவர்களில் 24 பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். படித்து முடித்து 13 ஆண்டு ஆகியிருந்தது. இருபது வயதில் மந்திரம் கற்றவர் முப்பத்து மூன்றில் கருவறை ஏறினார்.

மூடிக் கிடந்த பள்ளிகள் மீண்டும் திறந்தன. 2023 செப்டம்பரில் திருவரங்கம் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். சான்றிதழோடு நிற்காமல், பெரிய வைணவக் கோயில்களில் ஓராண்டு செயல்முறைப் பயிற்சி என்றும் அறிவிப்பு வந்தது. பள்ளி பிறந்து 16 ஆண்டுக்குப் பின் முதன்முதலாக, வகுப்பறையையும் வேலை இடத்தையும் இணைக்கும் பேச்சு அப்போதுதான் வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி, ஆகமக் கோயில்களில் இருக்கிற நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எது ஆகமக் கோயில், எது அல்ல என்று பிரித்துச் சொல்ல ஒரு குழு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இலேயே சொல்லியிருந்தது.

வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். பயிற்சியைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். பரம்பரைக் குருக்கள் குடும்பங்கள் கையில் இருப்பது புத்தகத்தில் இல்லாத அறிவு. கருவறை ஈரத்தில் கால் வழுக்காமல் நிற்பது எப்படி, ஆயிரம் பேர் காத்திருக்கையில் அலங்காரத்தை எத்தனை நிமிடத்தில் முடிப்பது, புகையில் கண் எரிந்தாலும் மந்திரம் தடுமாறாமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களைப் பகைத்துக்கொண்டு நல்ல அர்ச்சகரை உருவாக்க முடியாது. அவர்களை ஆசான் என்ற இடத்தில், உரிய ஊதியத்தோடும் மதிப்போடும் வைக்க வேண்டும். மாணவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு கோயில் ஒதுக்க வேண்டும். ஆகமக் கோயிலில் வழக்கு என்றால், வழக்கில்லாத கோயில்கள் ஆயிரக்கணக்கில் அறநிலையத் துறையிடம் இருக்கின்றன. ஒரு காலப் பூசைக்கே ஆள் இல்லாமல் விளக்கு எரியாத கோயில்கள் அவற்றில் நிறைய. காலையில் பாடம், மாலையில் அங்கே பூசை என்று வைத்தால் மாணவருக்குக் கை பழகும், கோயிலில் விளக்கும் எரியும்.

அறநிலையத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த அணி மாணவர்களைச் சேர்க்கும் அன்றே, சேர்க்கைச் சீட்டோடு கூட, அவர்கள் பூசை பழகப்போகும் கோயிலின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.